மூணு கிளாஸ் பிள்ளைங்களும் ஒரே ரூம்ல, புக்கும் நகரல. இந்த முறையில பாடம் ஒழுங்கா நடக்குதா?

நாமக்கல்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு மூணாவது படிக்கிறா. ரெண்டாவது வரைக்கும் டவுன்ல ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம், வீட்டுக்காரருக்கு வேலை மாறினதால சொந்த ஊருக்கே வந்துட்டோம், இந்த ஜூன்ல இருந்து ஊர்ல இருக்குற ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளிக்கு அனுப்புறேன். பள்ளிக்கூடத்தைப் பத்தி குறை இல்ல, காலைல டிபன் போடுறாங்க, பிள்ளை அழாம போறா, டீச்சர் அன்பா பேசுறாங்க. பாடம் நடத்துற விதம்தான் எனக்குப் பிடிபடல. அஞ்சு கிளாஸுக்கும் சேர்த்து ரெண்டே டீச்சர். ஒண்ணு, ரெண்டு, மூணு படிக்கிற பிள்ளைங்க எல்லாம் ஒரே ரூம்ல பாய்ல வட்டமா உக்காந்திருக்குதுங்க, பாட்டு, பொம்மை, கதைன்னு போகுது. வீட்டுப்பாடம் அவ்வளவா இல்ல. பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தா பாதி பக்கம் தொட்ட மாதிரியே தெரியல.

போன வாரம் கேட்டப்பதான் சொன்னாங்க, அவ தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மலராம், அதாவது மூணாவது லெவல், கணக்குல மட்டும் மொட்டாம், அதாவது ரெண்டாவது லெவல். பழைய ஸ்கூல்ல கணக்குல தொண்ணூறுக்கு மேல வாங்கினவ! மூணாவது பிள்ளையை ரெண்டாவது கணக்கு போட வெச்சா எப்ப முன்னேறுவா? இந்தப் பாடத்திட்டத்தை யாரு எப்படி யோசிச்சு வெச்சிருக்காங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க. வருஷக் கடைசி வரைக்கும் பொறுத்திருக்கலாமா, இல்ல இப்பவே மாத்திடலாமா?

சிலேட்டு_டீச்சர்

நான் திருவண்ணாமலை பக்கம் ஒரு ஈராசிரியர் பள்ளியில இடைநிலை ஆசிரியை, நீங்க சொல்றது அப்படியே என் வகுப்பு. முதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன், ரெண்டு டீச்சர்ங்கிறது உங்க ஊருக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்ல, கல்வி உரிமைச் சட்டத்துலயே 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர்னுதான் இருக்கு. அஞ்சு கிளாஸை ரெண்டு பேர் பார்க்கணும்னா பிள்ளைங்களைச் சேர்த்து உக்கார வெச்சே ஆகணும், அப்படி சேர்த்து உக்கார வெச்சிட்டு என்ன பண்றோம்ங்கிறதுதான் விஷயமே.

இப்ப நடக்குறது 'எண்ணும் எழுத்தும்'னு ஒரு அரசுத் திட்டம். கொரோனாவுல மூடின தொடக்கப்பள்ளிங்க 2021 நவம்பர்லதான் திறந்துச்சு, அப்ப ரெண்டாவதுல வந்து உக்காந்த பிள்ளை வகுப்பறையே பார்த்தது கிடையாது, 'அம்மா'ன்னு எழுதத் தெரியாத பிள்ளைக்கு ரெண்டாவது புக்கைப் பிரிச்சு முதல் பாடம் நடத்தி என்ன பிரயோஜனம்? அதனாலதான் 2022 ஜூன்ல ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் இதை ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும் வந்துச்சு. வருஷ ஆரம்பத்துல ஒரு அடிப்படை மதிப்பீடு வெச்சு, பிள்ளை நிஜமா எங்க நிக்குதுன்னு பாடவாரியா பார்ப்போம். ஒண்ணாவது நிலைன்னா அரும்பு, ரெண்டாவது மொட்டு, மூணாவது மலர். ஒரே பிள்ளை தமிழ்ல மலராவும் கணக்குல மொட்டாவும் இருக்குறது சாதாரணம், அது ஃபெயில் கிடையாது.

ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்றேன். சந்தைன்னு ஒரு கருப்பொருள் எடுத்தா முதல்ல எல்லாரும் சேர்ந்து பாட்டு, அப்புறம் கதை, அப்புறம் ரூம்ல ஒரு மூலையில கடை போடுவோம். அரும்பு பிள்ளைங்க ஏழு தக்காளி எண்ணி கூடையில போடும். மொட்டு பிள்ளைங்க 12 ரூபாய், 15 ரூபாய் ரெண்டு பொருள் வாங்கி கூட்டிச் சொல்லணும். மலர் பிள்ளைங்க 100 ரூபாய் நோட்டு குடுத்து மீதி கேட்டு வாங்கணும். அதுக்கப்புறம் பயிற்சி நூல்ல அவங்கவங்க பக்கம். நான் அரும்போட உக்காந்திருக்கும்போது மத்தவங்க தானா எழுதிட்டிருப்பாங்க, அந்த நேரத்தை வீணாக்காம திட்டம் போடுறதுதான் இதுல கஷ்டமான வேலையே, முந்தின நாள் ராத்திரியே யோசிச்சு வெச்சிட்டுப் போகணும். புக்கு நகரலன்னு நினைக்காதீங்க, மூணாவது வரைக்கும் தமிழ், இங்கிலீஷ், கணக்குதான் பிரதானம், சூழ்நிலையியல் அதுக்குள்ளயே கலந்து வரும். பாடப்புத்தகத்தோட பயிற்சி நூலையும் வாங்கிப் பாருங்க, பிள்ளையோட வேலை பெரும்பாலும் அதுலதான் இருக்கும்.

ஸ்கூலை மாத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கணக்கு குடுத்துப் பாருங்க. 43ல 17 போனா எவ்வளவு? எழுதச் சொல்லுங்க, அப்புறம் குச்சி வெச்சும் செஞ்சு காட்டச் சொல்லுங்க.

ஓய்வு_தலைமையாசிரியர்

டீச்சர் சரியா சொல்லிட்டாங்க, நான் பழைய கதை கொஞ்சம் சொல்றேன். இந்த மாதிரி சந்தேகம் பெத்தவங்களுக்கு புதுசு இல்லம்மா. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதிமூணுல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சாங்க, ஆந்திரா ரிஷிவேலியில கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவாக்கின முறையைப் பார்த்துட்டு வந்து செஞ்சது. 2007 வாக்குல மாநிலம் முழுக்க வந்துச்சு. எங்க பக்கம் அதை அட்டை முறைன்னுதான் சொல்லுவோம். சுவர்ல ஏணிப்படி இருக்கும், பிள்ளை தன்னோட அட்டையை தானே எடுத்துட்டு வந்து படிச்சு முடிச்சு அடுத்த படிக்குப் போகும், பிள்ளைங்க உயரத்துக்கு சுவரைச் சுத்தி கரும்பலகை, ஆளுக்கு ஒரு இடம். எழுத்தைக்கூட அ, ஆன்னு தொடங்காம ட, ப, ம ன்னு எழுத சுலபமானதுல இருந்து தொடங்குவோம், சீக்கிரமே பிள்ளை 'படம்', 'பட்டம்'னு முழு வார்த்தையா வாசிச்சிடும். அதைப் பார்க்குற சந்தோஷம் சொல்லி மாளாது.

அதுல ஒரு குறையும் இருந்துச்சு, மறைக்க வேண்டியதில்ல. பிள்ளைங்க அவங்கவங்க அட்டையில மூழ்கிடும், ஆசிரியர் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கதை சொல்றது, அதைப் பத்திப் பேச விடுறது குறைஞ்சு போச்சு. மொழி வளர்றதே அந்தப் பேச்சுலதான். இப்ப இருக்குற முறையில பாட்டும் கதையும் எல்லாரும் சேர்ந்து, எழுத்தும் கணக்கும் நிலைவாரியான்னு பிரிச்சது எனக்குப் பிடிச்சிருக்கு. மூணாவது பிள்ளை கதை சொல்றதை ஒண்ணாவது பிள்ளை வாயைப் பொளந்து கேக்கும் பாருங்க, எந்தப் பாடக்குறிப்புலயும் எழுத முடியாத பாடம் அது.

அவிநாசி_அப்பா

எல்லாரும் ஒரு பக்கமாவே பேசுறதால நான் மறுபக்கம் சொல்றேன், டீச்சருங்க தப்பா எடுத்துக்காதீங்க. என் பையன் இதே மாதிரி பள்ளியில அஞ்சாவது. முறை நல்ல முறைதான், ஆனா ஒரு நிலையில வெச்ச பிள்ளையை அடுத்த நிலைக்கு ஏத்துறது நின்னு போச்சுன்னா அது அங்கயே தேங்கிடும். நாலாவது வந்தும் என் பையன் கணக்குல கீழ் நிலையிலயே இருந்தான், நாங்க போய் கேட்டப்புறம்தான் தனியா கவனிச்சாங்க. டீச்சரையும் குறை சொல்ல முடியல, மதிப்பீட்டை ஆப்ல ஏத்துறதுக்கே அவங்களுக்கு நேரம் பத்தல, ரெண்டு பேர்ல ஒருத்தர் பயிற்சிக்கோ மீட்டிங்குக்கோ போயிட்டா அன்னைக்கு அஞ்சு கிளாஸும் ஒருத்தர் தலையில. அன்னைக்கு என்ன மலர், என்ன மொட்டு?

அதோட ஆறாவது போனா பாடத்துக்கு ஒரு வாத்தியார், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் பக்கம் பக்கமா படிக்கணும். அதுக்கு அஞ்சாவதுலயே நீளமா வாசிச்சுப் பழகலன்னா பிள்ளை திணறிடும். அதனால சகோதரி, எத்தனை பாடம் முடிஞ்சதுன்னு கேக்காதீங்க, என் பொண்ணு மலருக்கு வர என்ன பாக்கி இருக்கு, எப்ப மறுபடி பார்ப்பீங்கன்னு கேளுங்க. மாசம் ஒரு தடவையாவது கேளுங்க.

நாமக்கல்_அம்மா

ரொம்ப நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி 43ல 17 குடுத்தேன். 34ன்னு எழுதுறா! ஏழுல மூணு போனா நாலு, நாலுல ஒண்ணு போனா மூணுன்னு தலைகீழா கழிச்சிருக்கா. குச்சி வெச்சு செய்னு சொன்னா எங்க தொடங்குறதுன்னே தெரியல, 43 குச்சியை ஒண்ணொண்ணா எண்ண ஆரம்பிச்சிட்டா. போன வருஷம் பரீட்சையில எப்படி அவ்வளவு மார்க் வந்துச்சுன்னு புரியல. இப்ப டியூஷன் வைக்கட்டுமா?

சிலேட்டு_டீச்சர்

வேண்டவே வேண்டாம்மா. டியூஷன்ல மறுபடி 'பக்கத்து வீட்டுல கடன் வாங்கு'ன்னு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் குடுத்துடுவாங்க, பரீட்சையில குடுத்த மாதிரியே அதே கணக்கு வந்தா போட்டுடுவா, எண்ணை மாத்தினா திரும்ப 34தான் வரும். வீட்டுல பழைய விளக்குமாத்துக் குச்சி இருக்கும்ல, ஒடிச்சு பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டு கட்டுங்க. 43ன்னா நாலு கட்டு, மூணு உதிரி. பதினேழு எடுன்னு சொல்லிட்டு நீங்க பேசாம இருங்க. மூணு உதிரியில ஏழு எடுக்க முடியாதுன்னு அவளே முழிப்பா, கொஞ்ச நேரத்துல ஒரு கட்டைப் பிரிக்கலாமான்னு அவளே கேப்பா. அந்தக் கேள்வி அவ வாயில இருந்து வரணும், அதுவரைக்கும் பேப்பர்ல எழுத வைக்காதீங்க. பிரிச்சா 13 உதிரி, ஏழு போனா ஆறு, மூணு கட்டுல ஒண்ணு போனா ரெண்டு, ஆக 26. தினமும் ரெண்டு மூணு கணக்கு போதும், விளையாட்டு மாதிரி.

அவங்க டீச்சர்கிட்டயும் இந்த 34ஐக் காட்டுங்க, எந்த டீச்சரும் அதைப் பார்த்தா அடுத்து என்ன செய்யணும்னு உடனே புரிஞ்சுப்பாங்க. அவிநாசிக்காரர் சொன்ன மாதிரி தேங்காம பார்த்துக்குறதும் முக்கியம். பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேர் பெத்தவங்களாதான் இருக்கணும்னு சட்டமே இருக்கு, கூட்டத்துக்குப் போங்க, மூணாவது ஆசிரியர் பணியிடம் கேக்குற அளவுக்கு பிள்ளைங்க எண்ணிக்கை இருக்கான்னு அங்க பேசுங்க. 61 பிள்ளை ஆச்சுன்னா மூணு பேர் வரணும்.