கென்யக் கடவுச்சீட்டுடன் டிசம்பர் விடுமுறை: பாரிஸா, கேப் டவுனா?

கேள்வி:
வணக்கம். நைரோபியில் வாழும் கென்யக் குடிமக்களான நாங்கள், பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளுடன் டிசம்பரில் வெளிநாடு செல்ல விரும்புகிறோம். பிள்ளைகளின் ஆசை பாரிஸ். செலவை எண்ணி நான் கேப் டவுனை நினைக்கிறேன். எது உகந்தது?

பதில் 1:
கேப் டவுனையே பரிந்துரைக்கிறேன் ஐயா. 2023 ஜனவரி முதல் கென்யர்கள் ஆண்டுக்கு 90 நாள்கள் வரை விசா இன்றித் தென்னாப்பிரிக்காவில் தங்கலாம் என்பதால், குடும்பம் முழுவதற்குமான விசாக் கட்டணமும் அதற்கான அலைச்சலும் மிச்சமாகும். டிசம்பர் அங்கே கோடைக்காலம். டேபிள் மலைக்குச் செல்லவும் போல்டர்ஸ் கடற்கரையில் பெங்குவின்களைக் காணவும் அருமையான பருவம். பிள்ளைகள் பாரிஸை மறந்தே போவார்கள். விடுதி வாடகை மட்டும் அப்போது உச்சத்தில் இருக்கும், ஆகவே முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

பதில் 2:
கேப் டவுன் செல்வதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். ஊசி போட்டு 10 நாள்கள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்திற்குத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் கையில் வைத்திருங்கள்.

பதில் 3:
பாரிஸ்தான் என முடிவானால், பயணத்திற்கு 6 மாதங்கள் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். விசா கைக்கு வரும் முன், பணம் திரும்பக் கிடைக்காத விமானச் சீட்டை வாங்காதீர்கள்.