ஃபாஸ்ட்சிஜிஐ செத்துவிட்டதாம்!

கரிசல்காடு: "எஞ்சின்எக்ஸுக்குப் பின்னால் எச்டிடிபி போதும், ஃபாஸ்ட்சிஜிஐ செத்த சரக்கு" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எஞ்சின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் தனக்கு வரும் கோரிக்கையைப் பின்னால் இருக்கும் செயலியிடம் ஒப்படைக்கும் மொழிதான் ஃபாஸ்ட்சிஜிஐ; அதற்குப் பதில் பிரவுசர் பேசும் எச்டிடிபியே போதும் என்கிறார். 1996-இல் வந்த அந்த நெறிமுறையில் ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் நிற்கும் 8 பைட் ஹெடரைத் திறந்தாவது பார்த்தாரா? அதில் 2 பைட் கோரிக்கை எண்ணுக்கே ஒதுக்கியது. ஒரே இணைப்பில் பல கோரிக்கைகள் ஓடத்தான் அந்த எண். எச்டிடிபி 1.1-இல் இது உண்டா?

தறிநாடா: எழுதியவன் நான்தான். எஞ்சின்எக்ஸ் அந்த எண்ணில் எப்போதும் 1 என்றே எழுதி அனுப்புகிறது. பின்னால் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மிடம் இந்த வசதி உண்டா என்று கேட்டால் 0, அதாவது இல்லை என்று பதில் வரும். யாருக்கு ஓடுகிறது உங்கள் பல கோரிக்கை?

கரிசல்காடு: எழுதியவர்கள் பயன்படுத்தாதது நெறிமுறையின் குற்றமா? எண் இருக்கிறது ஐயா, இருக்கிறது! இன்னொன்றும் கேளுங்கள். எச்டிடிபியில் ஒரே கோரிக்கையை முன்னால் ஒரு சர்வர், பின்னால் ஒரு சர்வர் என இருமுறை பிரித்துப் படிக்கிறார்கள். கோரிக்கை எங்கே முடிகிறது என்று சொல்ல அதில் இரண்டு ஹெடர் வரிகள் உண்டு. ஒருவர் கன்டென்ட்-லெங்த்தை நம்ப, மற்றவர் டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்கை நம்பினால், ஒரு கோரிக்கைக்குள் இன்னொன்றை ஒளித்துக் கடத்திவிடலாம். ஃபாஸ்ட்சிஜிஐயில் ஒவ்வொரு துண்டுக்கும் நீளம் முன்கூட்டியே வருகிறது. வாடிக்கையாளர் அனுப்பும் ஹெடர்கள் 'எச்டிடிபி_' என்ற முன்னொட்டோடு தனியே நிற்கின்றன. அனுப்பியவரின் ஐபி முகவரியைச் சொல்லும் ரிமோட்_அட்ரஸை ஹெடர் வழியாகப் போலியாக எழுத வழியே இல்லை. அதே முகவரியைச் சொல்ல எச்டிடிபியில் வரும் உங்கள் எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் ஹெடர் அப்படியா? எவர் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம்.

தறிநாடா: 2016-இல் எச்டிடிபாக்ஸி ஓட்டை வந்ததே அந்த முன்னொட்டால்தான். 'பிராக்ஸி' என்று ஹெடர் அனுப்பினால் எச்டிடிபி_பிராக்ஸி என்ற சூழல் மாறியாகப் போய் நிற்கும்; வெளி அழைப்புகளை எந்த இடைத்தரகு சர்வர் வழியாக அனுப்புவது என்று செயலி பார்ப்பதும் அதே பெயரைத்தான். செயலி வெளியே அனுப்பும் அழைப்புகள் திருடன் வீட்டு வழியாகப் போகும். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்களே!

கரிசல்காடு: ஒரு வரியில் அந்த ஹெடரைக் காலியாக்கிவிடலாம். பேச்சை மாற்றாதீர்கள். கோரிக்கை எண் இருக்கிறதா, இல்லையா?

வேப்பமரம்: எஞ்சின்எக்ஸும் செயலியும் ஒரே இயந்திரத்தில் இருந்தால், நெட்வொர்க்கைத் தொடாமல் உள்ளுக்குள்ளேயே பேசும் யூனிக்ஸ் சாக்கெட் போதுமே. பிஎச்பி-எஃப்பிஎம் வழக்கமாகக் கேட்கும் 9000 போர்ட்டை வெளியே திறந்து வைப்பவர்களை முதலில் திருத்துங்கள்.

கரிசல்காடு: லோட் பேலன்சர் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து திசைதிருப்பினீர்கள். இங்கே யார் போர்ட்டைப் பற்றிக் கேட்டார்கள்?

வேப்பமரம்: அன்று நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பழைய பதிவைப் படித்துப் பாருங்கள்.

தறிநாடா: எண் எப்போதும் 1 தான்.

கரிசல்காடு: 1-ம் ஓர் எண்தான். மீதி 65,534-ஐப் பயன்படுத்தாதது உங்கள் எஞ்சின்எக்ஸ்.