அப்பாவின் யூரின் டியூப்: பைக்கு இறங்காமல் ஓரமாகக் கசிகிறது, உடனே உதவி தேவை

கட்டபெட்டு_மகன்
வணக்கம். அப்பாவுக்குப் போட்டிருக்கும் டியூபில் விடியற்காலையிலிருந்து சிறுநீர் பைக்கு இறங்கவில்லை. ஆனால் டியூபைச் சுற்றி ஓரமாகக் கசிந்து விரிப்பு நனைந்துகொண்டே இருக்கிறது. வழக்கமாக வந்து மாற்றித்தரும் செவிலியர் ஊரில் இல்லை. நாங்களே உருவிவிடலாமா, அல்லது இதைவிடப் பெரிய அளவில் ஒன்று வாங்கிவந்து போடச் சொல்லலாமா?

கூடலூர்_அக்கா
தம்பி, அப்பாவுக்கு என்ன நோய், டியூப் போட்டு எவ்வளவு நாளாகிறது, காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருக்கிறதா, அடிவயிறு இறுகி உப்பியிருக்கிறதா என்று எதையுமே எழுதவில்லையே. முதலில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தொடைக்கு அடியில் டியூப் நசுங்கியோ மடங்கியோ கிடக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மாமனாருக்குப் பல நேரம் காரணம் அவ்வளவுதான்.

பைகாரா_பெரியவர்
இந்தக் குழுவில் கேள்வி கேட்கும் முறையைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. சிறுநீர் வெளிவரும் துவாரம் வழியாகவே போட்டதா, அடிவயிற்றில் துளையிட்டுப் போட்டதா என்பதுகூட இங்கே இல்லை. பையோடு சேரும் முனைக்கு அருகில், டியூப் நழுவாமல் சிறுநீர்ப்பைக்குள் பிடித்துவைக்கும் பலூனுக்கு நீர் ஏற்றுவதற்கென்று ஒரு கிளை பிரியும். அதன் நிறமே அளவைச் சொல்லிவிடும். பச்சை என்றால் 14, ஆரஞ்சு என்றால் 16, சிவப்பு என்றால் 18. அளவெண்ணை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். ஆக 16 என்பது ஏறத்தாழ 5.3 மில்லிமீட்டர். பலூனின் கொள்ளளவும் அங்கேயே அச்சிடப்பட்டிருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் பெரியது வாங்கலாமா என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வது?

ஊட்டி_மருந்துக்கடை
என் அனுபவத்தில் இதற்கெல்லாம் மூலகாரணம் நம் மலைக்குளிர்தான். பெரியவர்கள் தேநீர் குடிப்பதோடு சரி, தண்ணீரைத் தொடுவதே இல்லை. சிறுநீர் கெட்டியாகி வண்டல் படிந்து டியூப் அடைத்துக்கொள்கிறது. உடனே நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், தானாகச் சரியாகிவிடும்.

குன்னூர்_செவிலி
மருந்துக்கடை ஐயா, உங்கள் காரணத்தில் பாதி சரி. ஆனால் வழி அடைபட்டிருக்கும் இந்த நேரத்தில் மேலும் மேலும் தண்ணீர் கொடுத்தால் சிறுநீர்ப்பைதான் உப்பி வலிக்கும். ஓட்டம் திரும்பிய பிறகு தாராளமாகக் கொடுக்கட்டும், அதுவும் இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் நீர்க் கட்டுப்பாடு சொல்லாதிருந்தால் மட்டும்.

தம்பி, ஓரமாகக் கசிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, டியூப் அடைத்திருப்பது. மற்றொன்று, பலூனும் டியூபும் உறுத்துவதால் சிறுநீர்ப்பை சுருங்கி இழுத்துச் சிறுநீரை வெளியே தள்ளுவது. இரண்டாவதற்குப் பெரிய டியூப் போட்டால் உறுத்தலும் சுருக்கமும் கூடுமே தவிரக் கசிவு நிற்காது. மலச்சிக்கலும் பக்கத்திலிருந்து அழுத்தி இதே தொல்லையைக் கொடுக்கும் என்பதால் அதையும் பாருங்கள்.

எக்காரணம் கொண்டும் உருவாதீர்கள். உள்ளே பலூன் நீரால் விரிந்திருக்கும்போது இழுத்தால் சிறுநீர் வழி கிழிந்து இரத்தம் கொட்டும். கத்தரியால் டியூபை வெட்டவும் வேண்டாம். பை படுக்கைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கட்டும். மடிப்பெல்லாம் நேராக்கிய பிறகும் பைக்குள் எதுவும் இறங்காமல் வயிறு இறுகினாலோ, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். தண்டுவடத்தில் அடிபட்டவராக இருந்து, திடீர்த் தலைவலியும் வியர்வையும் கண்டால் அது இன்னும் பெரிய அவசரம்.

கட்டபெட்டு_மகன்
பக்கவாதம். கிளை ஆரஞ்சு நிறம். சிறுநீர் வழியாகவே போட்டது. மடிப்பு எதுவும் இல்லை. மலம் கழித்துச் சில நாட்கள் ஆகின்றன. காய்ச்சல் இல்லை, ஆனால் வயிற்றைத் தொட்டால் முகம் சுளிக்கிறார். டியூபின் உட்புறம் மணல் போல ஏதோ ஒட்டியிருக்கிறது.

ஊட்டி_மருந்துக்கடை
அந்த மணலைத்தான் நான் சொன்னேன். லேட்டக்ஸ் (ரப்பர்) டியூப் போட்டிருப்பார்கள். முழு சிலிகானுக்கு மாறினால் 12 வாரம் வரை எந்தத் தொல்லையும் இல்லை. விலை கூடுதல் என்பதால் யாரும் வாங்குவதில்லை.

பைகாரா_பெரியவர்
எந்தத் தொல்லையும் இல்லை என்பது விற்பவர் பேச்சு. 12 வாரம் என்பது வைத்திருக்கக்கூடிய உச்ச எல்லை, உத்தரவாதம் அல்ல. சிலிகானின் சுவர் மெல்லியது, அதனால் அதே 16இல் உள்துளை சற்று அகலம். அந்த நன்மையை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதன் பலூனிலிருந்து நீர் மெல்ல மெல்லக் குறையும், டியூப் நழுவி வெளியே வந்த கதைகளும் உண்டு.

குன்னூர்_செவிலி
இரண்டு பேரும் சொல்வதற்கு நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. அந்த மணல் பல நேரங்களில் கிருமியின் வேலை. புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன. சிறுநீர் காரத்தன்மை அடைந்து கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட் படிகங்கள் டியூபின் கண்ணிலேயே, அதாவது உள்முனையில் சிறுநீர் நுழையும் துளையிலேயே படிகின்றன. சிலிகானிலும் இது படியும். இப்படி அடிக்கடி அடைப்பவர்களுக்கு, எத்தனை நாளில் அடைக்கிறது என்று குறித்துவைத்து, அதற்கு முன்பே மாற்றுவதுதான் நடைமுறை.

ஊட்டி_மருந்துக்கடை
கிருமி என்றால் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடலாமே? கலங்கலான சிறுநீருடன் கடைக்கு வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

குன்னூர்_செவிலி
கேட்கிறார்கள் என்பதற்காகக் கொடுக்கலாகாது, ஐயா. டியூப் ஒரு மாதம் இருந்தாலே ஏறத்தாழ எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். காய்ச்சல், நடுக்கம், குழப்பம், புதிய வலி போன்ற அறிகுறி இல்லாமல் கலங்கலையும் வாடையையும் மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால், நாளை உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாது. தம்பி, வலிக்கிறது என்கிறீர்கள், இறங்கவும் இல்லை. இனி இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

கூடலூர்_அக்கா
போகும்போது ஒன்றைக் கவனியுங்கள், தம்பி. ஜீப்பில் ஏற்றியவுடன் பையைக் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியில் மாட்டிவிடுவார்கள்; வளைவுக்கு வளைவு பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும். புறப்படும் முன் பையைக் காலி செய்து, இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆளைக் கூட உட்காரவையுங்கள்.

கட்டபெட்டு_மகன்
மருத்துவமனையில் மாற்றிவிட்டார்கள், பழைய டியூபின் கண் முழுவதும் அடைத்திருந்தது. அதே 16, இந்த முறை சிலிகான். மலம் இளக மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். கசிவு இல்லை. எல்லோருக்கும் நன்றி.

பைகாரா_பெரியவர்
பலூனில் எத்தனை மில்லி ஏற்றினார்கள், சுத்திகரித்த நீரா சலைனா (உப்புநீர்) என்று எழுதவில்லையே. சலைன் என்றால் உப்பு படிந்து, அடுத்த முறை பலூனிலிருந்து நீரை எடுக்கும்போது சிக்கிக்கொள்ளக்கூடும்.