கலைச்சொல் விவாதம்: எதிர்பாராத பாத்திரங்களுக்காகத் தொடராட்டத்தை மாற்றும் வேலைக்கு ஒரு பெயர்

முதல் மடல் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, கூடிக் கதையை வளர்க்கும் வேடமேற்பு ஆட்டங்களுக்கான சொற்பட்டியலில் அடிப்படைச் சொற்கள் ஏறத்தாழ முடிவாகிவிட்டன. ஆட்டத்தை நடத்துபவர் நெறியாளர். ஒரே இருப்பில் ஆடுவது அமர்வு. பல அமர்வுகளாக நீளும் கதை தொடராட்டம். ('மேசைப் பாத்திர ஆட்டம்' என்ற பழைய முன்மொழிவு கைவிடப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் சமையலறைதான் நினைவுக்கு வந்தது.) நெறியாளர் ஒரு தொடராட்டத்தைத் திட்டமிட்டு வைத்திருக்க, ஆட்டக்காரர்கள் அவர் நினைத்தும் பாராத பாத்திரங்களோடு வந்து அமரும்போது, அந்தப் பாத்திரங்களுக்காக அவர் தம் திட்டத்தையே மாற்றும் வேலைக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை.

இதுவரை தகவமைப்பு, தழுவல், மடைமாற்றம் என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. தழுவல் நாவலை நாடகமாக்குவதற்கு வழங்கும் சொல்; அச்சில் வந்த ஆட்டக்கதை ஒன்றை நம் மண்ணுக்கு மாற்றி ஆடுவதைக் குறிக்க அது நமக்குத் தேவைப்படும் என்பதால் அதை இங்கே செலவழிக்க வேண்டாம். தகவமைப்பு உயிரியலில் வேரூன்றிய சொல். அங்கே சூழலுக்கேற்ப உயிர் மாறுகிறது. நம் வேலையிலோ உள்ளே வந்த உயிருக்கேற்பச் சூழல் மாறுகிறது. திசையே தலைகீழாக இருக்கும்போது அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால், புதிதாகப் படிப்பவர் ஆட்டக்காரர்தான் வளைந்துகொடுக்க வேண்டும் என்று பொருள்கொள்வார்.

மடைமாற்றத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் மூன்றில் அதுவே அழகான சொல். எடுத்துக்காட்டுக்கு என் தொடராட்டத்தையே சொல்கிறேன். களம் கடாரம் (இன்றைய கெடா), காலம் முதலாம் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத் துறைமுகங்களைத் தாக்கிய 1025ஆம் ஆண்டு. ஆட்டக்காரர்கள் மெர்போக் ஆற்று முகத்தில் கடை வைத்திருக்கும் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினராக இருப்பார்கள் என்றும், படையெடுப்பைப் பற்றிய கமுக்க ஓலை ஒன்று முதல் அமர்விலேயே அவர்கள் கைக்கு வரும் என்றும், வணிகரின் பொன் எந்தப் பக்கம் சாயும் என்பதே கதையின் கேள்வி என்றும் திட்டமிட்டிருந்தேன். வந்து அமர்ந்தவர்களில் ஒருவர் மருத்துவிச்சி. ஒருவர் ஸ்ரீவிஜய அரசின் சுங்க எழுத்தர். மற்றவர் சுங்கை பத்து அகழாய்வில் கிடைத்த இரும்பு உலைகளைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, உலைக்களத்துத் தொழிலாளியாக வந்தார். வணிகர் ஒருவரும் இல்லை. ஓலையைப் பெற்றுக்கொள்ள ஆளில்லை.

இந்த இடத்தில் நெறியாளருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஓலையைச் சுங்க எழுத்தரின் மேசைக்கு வந்துசேரச் செய்து, எழுதி வைத்த காட்சிகளை அதே வரிசையில் நடத்துவது ஒன்று. வாய்க்கால்தான் மாறியிருக்கிறது, நீரும் அது பாயும் வயலும் பழையவைதாம். எந்தப் பாதையில் போனாலும் அதே அரக்கன் எதிர்ப்படுவான் என்று ஆட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான். உலைக்களத்தார் வந்துவிட்டார் என்பதற்காகக் கதையின் கேள்வியையே மாற்றி, பொன் எந்தப் பக்கம் சாயும் என்பதை விட்டுவிட்டு, இந்த உலைகளில் உருகும் இரும்பு யார் கை வாளாகும் என்று கேட்பது மற்றொன்று. அப்போது மருத்துவிச்சி யாருடைய காயத்துக்கு மருந்திடுவாள் என்பதும், எழுத்தர் எந்தச் சுமையைக் கணக்கில் எழுதாமல் விடுவார் என்பதும் தாமாகவே கதைக்குள் வந்துவிடுகின்றன. ஓலை வராமலே போனாலும் இழப்பில்லை.

முதலாவதை மடைமாற்றம் என்றே அழைக்கலாம். நிதியையும் விவாதத்தையும் திசைதிருப்புவதைக் குறிக்க இன்று அச்சொல் பெற்றிருக்கும் சற்றே கசப்பான சாயல்கூட அங்கே பொருந்துகிறது. அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன், நேரமில்லாத வாரங்களில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்வது எளிதாகிவிடும்.

இரண்டாவதற்கு 'ஏற்றமைவு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஏற்றுக்கொண்டு அமைத்தல் என்பது பொருள். ஆட்டக்காரர் வேடத்தை ஏற்கிறார். நெறியாளர் அந்த ஏற்பை ஏற்று அமைக்கிறார். 'தொடராட்டத்தை ஏற்றமைத்தேன்' என்று வினையாகவும் இயல்பாக வருகிறது.

இந்தக் கலையின் பிறப்பிலேயே இவ்வேலை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஊரை வைத்து ஒரு போர் ஆட்டம் நடத்தினார். படைத்தலைவர்களோடு ஊர்க்காரர்களின் வேடங்களையும் சிலருக்குக் கொடுத்திருந்தார். படைகள் மோதுவதற்கு முன்பே ஆட்டக்காரர்கள் தமக்குள் பேசிச் சூழ்ச்சி செய்யத் தொடங்கினர்; இருவர் தனிச்சண்டைக்கே போய்விட்டனர். ஆட்டம் பாழாயிற்று என்று வெஸ்லி நினைத்தார். வந்தவர்களோ இன்னொரு முறை நடத்தும்படி கேட்டார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் பின்னர் பிளாக்மூர் தொடராட்டத்தை நடத்தினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் வேடமேற்பு ஆட்டம்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

இரண்டாம் மடல் (ஜார்ஜ்டவுன், பினாங்கு)

ஐயா, வணக்கம்.

இரண்டு வேலைகளுக்கும் இரு சொற்கள் வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. ஏற்றமைவு என்ற சொல்லில்தான் எனக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது சிறியது. 'ஏற்றம்' என்ற சொல் கண்ணில் முதலில் படுகிறது. அமர்வுக்கு முன்பே செய்வதைக் குறிக்க 'முன்' என்ற அடையைச் சேர்த்தால் 'முன்னேற்றமைவு' என்றாகி, ஏதோ அரசாங்கத் திட்டத்தின் பெயர்போல் ஒலிக்கிறது.

இரண்டாவது பொருள் பற்றியது. நெறியாளர் எப்போதும் ஏற்றுக்கொள்வதில்லையே. நீங்கள் குறிப்பிட்ட பிளாக்மூரிலேயே ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இரத்தக் காட்டேரியாகி, மற்றவர்களால் அடக்க முடியாத அளவுக்கு வலிமை பெற்றுவிட்டது. அதை எதிர்கொள்ள உருவானதுதான் சமயகுரு என்னும் பாத்திர வகை என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். 1974 பதிப்பில் இருந்த மூன்று வகைகளுள் அதுவும் ஒன்று. இது எதிர்ப்பு ஆயிற்றே, ஏற்பு ஆகுமா? மேலும், எங்கள் மேசையில் ஒருவர் மற்றவர்களின் பொருளைத் திருடுவதற்கென்றே ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு வந்தபோது, தொடராட்டத்தை மாற்றவில்லை. அவரோடு தனியாகப் பேசிப் பாத்திரத்தைத்தான் மாற்றினோம். அதுவும் ஏற்றமைவில் அடங்குமா?

'இயைவிப்பு' என்றால் இந்தச் சிக்கல் எழாது என்று தோன்றுகிறது. இரு பக்கமும் இயையும்படி செய்தல் என்பதால், எது மாறியது என்ற கேள்வியை அது திறந்தே வைக்கிறது.

மூன்றாம் மடல் (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

அம்மா, வணக்கம். நீங்கள் காட்டிய காட்டேரிதான் என் கட்சிக்கு வலுவான சான்று என்று எண்ணுகிறேன். ஆர்னசன் காட்டேரியைத் தடைசெய்யவில்லை. அது உலகத்தில் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அப்படியானால் அதை எதிர்ப்பவரும் உண்டாக வேண்டுமல்லவா என்று உலகத்தைத்தான் விரித்தார். எதிரியைப் படைத்ததே அந்தப் பாத்திரத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டதன் விளைவு. பகைவனே இல்லாத பாத்திரத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்றுதான் பொருள்.

திருடும் பாத்திரத்தின் நிலை வேறு. அங்கே மாறியது பாத்திரம். ஆகவே அது ஏற்றமைவு ஆகாது. தொடக்க அமர்விலேயே எல்லாரும் சேர்ந்து இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று பேசி முடிவுசெய்யும் வேலைக்கு இயைவிப்பு மிகப் பொருத்தமான சொல். அதற்கென்றே பட்டியலில் சேர்த்துவிடலாம். எது மாறியது என்ற கேள்வியைத் திறந்து வைப்பதை நீங்கள் அதன் சிறப்பாகச் சொல்கிறீர்கள். நெறியாளரின் வேலைக்கு அதே பெயரை வைக்க நான் தயங்குவதும் அதனால்தான்: மாறியது தொடராட்டமே என்று அங்கே சொல் தெளிவாகக் காட்ட வேண்டும்.

'முன்' சேர்க்கும்போது வரும் சிக்கல் உண்மையானது. அமர்வுக்கு முன்பே செய்வதை 'முன்கூட்டிய ஏற்றமைவு' என்று பிரித்து எழுதலாம்; ஆட்டத்தின் நடுவிலேயே செய்ய நேர்வதை 'உடனடி ஏற்றமைவு' எனலாம். பட்டியலுக்கான வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தித் தாருங்கள்:

ஏற்றமைவு: ஆட்டக்காரர் தேர்ந்த பாத்திரத்தை மாற்றாமல் ஏற்று, அப்பாத்திரத்தின் தொழில், உறவு, விருப்பம் ஆகியவற்றால் தொடராட்டத்தின் மையக் கேள்வி மாறும்படி நெறியாளர் தம் திட்டத்தைத் திருத்தி அமைத்தல். காட்சிகளின் இடத்தையோ ஆளையோ மட்டும் மாற்றுவது மடைமாற்றம்.