புதுப்பிப்பு: அச்சில் ஒட்டிய சோப்பு இப்போது முழுதாக வருகிறது

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டில் செய்த சோப்பு சிலிக்கோன் அச்சில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது ஓரங்கள் பிய்ந்துவிடுவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அச்சில் எண்ணெய் தடவச் சொன்னீர்கள். தடவியும் ஒட்டல் குறையவில்லை, ஏனெனில் கலவையிலுள்ள காஸ்டிக் சோடா அந்த எண்ணெயையும் சோப்பாக்கிவிடுகிறது.

உண்மையான காரணம், சோப்பு இறுகும் முன்பே எடுத்த என் அவசரமே. நல்லெண்ணெய் மிகுந்த கலவை மெதுவாகத்தான் இறுகும். கடற்காற்றின் ஈரத்தில் இன்னும் தாமதமாகும். ஆகவே இம்முறை தேங்காய் எண்ணெயின் பங்கைக் கூட்டி, 500 கிராம் எண்ணெய்க்கு 5 கிராம் உப்பைத் தண்ணீரில் முழுவதும் கரைத்த பிறகே காஸ்டிக் சோடாவைச் சேர்த்தேன். (எண்ணெய் விகிதம் மாறினால் காஸ்டிக் சோடாவின் அளவையும் மறுபடி கணக்கிட வேண்டும், இதில் தயவுசெய்து கவனமாக இருங்கள்.) இரண்டு நாள் இறுகவிட்டு, பின் நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, காற்று புகும்படி ஓரங்களை மெல்ல விலக்கியதும் கட்டி முழுதாக நழுவி வந்தது. அதன்மேல் வியர்த்த நீரைத் துடைக்காமல் மின்விசிறியின் கீழ் உலரவிட்டேன்.

சங்கு வடிவ அச்சில் மட்டும் நுனி இன்னும் ஒடிகிறது. அதை அடுத்த முறை மூன்று நாள் விட்டுப் பார்க்கவிருக்கிறேன்.