பெகு யோமாவுக்கு எடுத்துப்போகச் சின்னப் பூச்சிப்பொறி: எதைக் குறைக்கலாம்?

சிவப்புத்தட்டான்:
வணக்கம். ஆகஸ்ட் மாதம் நம் மியான்மரின் பெகு யோமா மலைத்தொடர் அடிவாரத்தில் ஈயும் குளவியும் சேகரிக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடைதான். இரண்டு மலேஸ் பொறி (பறக்கும் பூச்சியைத் திரையில் தடுத்து, மேல்மூலைப் பாட்டிலில் பிடிக்கும் துணிக்கூடாரம்) ஒரே பையில் அடங்கணும். நிறுத்தும் கம்பிகளோடு சேர்த்தால் கனக்கிறது. எதைக் கழிக்கலாம்?

மூங்கில்முளை:
கம்பியை விட்டுவிடுங்க. அங்கே மூங்கிலுக்குப் பஞ்சமில்லை, மூங்கில் வெட்ட ஒரு தா (பர்மிய நீளக் கத்தி) போதும். துணியில் மட்டும் கை வைக்காதீங்க.

நடுத்திரை கறுப்புக் கொசுவலை, 1.5 மீட்டர் நீளம். பாட்டில் பக்கம் 1.4 மீட்டர் உயரம், பின்பக்கம் 90 செ.மீ. கூரை வெள்ளை. கறுப்பில் முட்டிய பூச்சி வெளிச்சத்தைப் பார்த்து மேலே ஏறும், அதற்குத்தான் இந்த நிறம். வலையின் துளை 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஒட்டுண்ணிக் குளவிகள் நழுவிவிடும்.

பெரும்பாலும் கெடுவது உச்சி மூலைதான். தையல் மடிப்பு உள்ளே நின்றால், ஏறிவந்த ஈ அந்த விளிம்பிலேயே திரும்பிவிடும். சிலந்தியும் அங்கேதான் வலை கட்டும். மடிப்பை வெளிப்பக்கம் விட்டுத் தைக்கச் சொல்லுங்க. முகடு பாட்டில்வரை தொய்யாமல் ஏறணும். நைலான் கயிறு மழையில் நீளும், பாலியெஸ்டர் வாங்குங்க.

கூடாரத்துக்குள் வந்த பூச்சிகள் மேல்மூலையில் கூடுவதைக் கவனித்துத்தான் ஸ்வீடன் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் இதை அமைத்தார். 1934இல் வடக்கு மியான்மரின் கம்பைத்தி மலையில் சேகரித்தவர் அவர். நம் நாட்டில் வேலை செய்து காட்டிய பொறி இது, நம்பி எடுத்துப்போங்க.

ஈரக்காற்று:
பாட்டிலைப் பற்றி நான் சொல்கிறேன். அகலவாய் பாட்டில் இரண்டு, அரை லிட்டர். மூடிகளை முதுகோடு முதுகு சேர்த்து நடுவில் 4 செ.மீ. துளை போடுங்க. மேல்பாட்டில் தெளிவானதாக இருக்கணும், அதைக் கவிழ்த்து வையுங்க. வலை அதன் பக்கத்துளைக்குள் போகும். கீழ்ப்பாட்டிலில் 95 சதவீத எத்தனால் 250 மில்லி, தண்ணீர் 50 மில்லி. ஏறக்குறைய 80 சதவீதம் வரும். சூட்டுப்பசை ஆகாது, எத்தனால் பட்டால் கழன்றுவிடும். எப்பாக்சி தடவி, சின்ன போல்ட் இரண்டு முடுக்குங்க.

சிவப்புத்தட்டான்:
எறும்பு ஏறுமே? எந்தத் திசையில் கட்டுவது?

ஈரக்காற்று:
எல்லாக் கயிற்றிலும் மூங்கிலிலும் ஒரு சாண் நீளத்துக்கு கிரீஸ் தடவுங்க. மழை கழுவிவிடும், இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்க. புல் நுனி துணியில் பட்டால் கிரீஸும் வீண், சுற்றிலும் வெட்டிவிடுங்க.

நடுத்திரை ஓடைக்கரைப் பாதைக்குக் குறுக்கே நிற்கட்டும், பாட்டில் வெளிச்சமான பக்கம்.

மூங்கில்முளை:
வண்டு முட்டினால் ஏறாது, கீழே விழும். திரையடியில் மஞ்சள் தட்டு வைத்து, 2 செ.மீ. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரச் சோப்பு விடுங்க. மழைநீர் வழிந்தால் பிடித்ததும் போய்விடும். விளிம்புக்குக் கீழே துளையிட்டு உள்ளே வலை ஒட்டுங்க.