பழைய செக்காம் டிவியில் பிஎஸ்3 லினக்ஸ்: வண்ணமே வரவில்லை

செந்தாந்த்ரே_கறிவேப்பிலை:
வணக்கம். பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இருக்கிறேன். கையில் 40 ஜிபி குண்டு பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3), ஃபர்ம்வேர் 3.15. டிவி 4:3 பெட்டி, பெரித்தெல் (ஸ்கார்ட்) சாக்கெட் உண்டு, வண்ண முறை பிரெஞ்சு செக்காம் மட்டும். லினக்ஸ் போட்டுப் பைத்தான் பழக வேண்டும், பாட்டுக் கேட்க வேண்டும். மூன்று ஆர்சிஏ முனையைப் பெரித்தெல் அடாப்டரில் சொருகினால் பிஎஸ்3 மெனுவே கறுப்பு வெள்ளையாக வருகிறது. கோளாறு கன்சோலிலா, டிவியிலா?

கம்பிக்காரன்:
இரண்டிலும் இல்லை, கேபிளில். மஞ்சள் ஆர்சிஏ முனையில் வருவது பால் (PAL) என்ற வேறு முறை வண்ணம். செக்காம் பெட்டி அதில் வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், நிறத்தைப் பிரிக்கத் தெரியாது. அங்குள்ள பழைய டிவிகள் பிரெஞ்சு வழக்கப்படி வந்தவை. பெரித்தெல்லில் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில், இருக்கும். ஆர்ஜிபியில் அனுப்பினால் பால், செக்காம் பேச்சே இல்லை.

அந்த அடாப்டரைத் திருப்பி முனையைப் பாருங்கள். ஆர்ஜிபிக்கு 15 (சிவப்பு), 11 (பச்சை), 7 (நீலம்) வேண்டும். படத்தை நிலைநிறுத்தும் ஒத்திசைவு சிக்னல் 20இல் வரும். 16இல் 1 முதல் 3 வோல்ட் இருந்தால்தான் டிவி ஆர்ஜிபிக்கு மாறும். மலிவுக் கேபிள்களில் இந்த 16ஐத்தான் விட்டுவிடுவார்கள். பிஎஸ்3 மல்டி ஏவி முனையிலிருந்து நேராக வரும் ஆர்ஜிபி பெரித்தெல் கேபிள் வாங்குங்கள். பிறகு வீடியோ அமைப்பில் ஏவி மல்டி/ஸ்கார்ட், அதில் ஆர்ஜிபி. மாற்றியதும் திரை இருண்டுவிட்டால் பயம் வேண்டாம்: கன்சோலை அணைத்து, பவர் பொத்தானை இரண்டாவது பீப் வரை அழுத்திப் பிடித்தால் வீடியோ அமைப்பு பழையபடி ஆகிவிடும்.

கேபூட்_கிழவன்:
முதலில் ஒன்று: இணையத்தில் இணைத்து அப்டேட் கொடுத்துவிடாதீர்கள். 2010 ஏப்ரல் 1இல் வந்த ஃபர்ம்வேர் 3.21, லினக்ஸ் போட விடும் ‘மற்ற ஓஎஸ்’ வசதியையே எடுத்துவிட்டது. ஒல்லி மாடல்களில் ஆரம்பத்திலிருந்தே கிடையாது. ஹார்டு டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது எல்லாம் அழியும், கேம் சேவ்களை முன்னதாகவே எடுத்து வையுங்கள். லினக்ஸுக்கு 10 ஜிபி, அல்லது பிஎஸ்3க்கு 10 ஜிபி, மிச்சம் லினக்ஸுக்கு; வேறு அளவு தர வழி இல்லை.

கேபூட் (லினக்ஸைத் துவக்கும் நிரல்) வரியில் லினக்ஸ் என்ற பெயருக்குப் பின் வீடியோ அளவுருவில் மோட் 38 கொடுங்கள். 6 என்பது 576i (576 வரி, இன்டர்லேஸ்), ஆர்ஜிபிக்கு 32 கூட்ட 38. ஓரம் விட்டு 576x460 வரும். 8x16 எழுத்துருவில் வரிக்கு 72 எழுத்து. இன்னும் 128 கூட்டி 166 கொடுத்தால் 720x576 முழுத்திரை, 90 எழுத்து; ஆனால் பழைய பெட்டி ஓரத்தைத் தின்றுவிடும். என் கை 38 பக்கம்தான். 60 ஹெர்ட்ஸ் மோட் வேண்டாம், சில பெட்டிகளில் படம் உருளும்.

பிரெஞ்சு அசெர்த்தி கீபோர்டு வைத்திருப்பீர்கள். கேபூட் அதை அமெரிக்க அமைப்பாகத்தான் படிக்கும். எம் எழுத்துக்குக் காற்புள்ளி விசை, முக்காற்புள்ளிக்கு ஷிஃப்டுடன் எம் விசை, எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டாம். சமக்குறி இருந்த இடத்திலேயே இருக்கும்.

நாற்காலி:
நினைவகம் 256 எம்பிதான். லினக்ஸுக்கு அடியில் காவல் நிற்கும் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் வரைகலைச் சிப்பைத் தொட விடாது, அதனால் வீடியோவை எதிர்பார்க்க வேண்டாம். இன்றைய பிரவுசரும் தாங்காது. பிஎஸ்3வ்ராம் மாட்யூலை ஏற்றி, வரைகலை நினைவகத்தின் பெரும்பகுதியை ஸ்வாப்பாக (நினைவகம் போதாதபோது உதவும் இடமாக) கொடுங்கள், டிஸ்க் ஸ்வாப்பைவிட எத்தனையோ மேல். பிஎஸ்3 சிப்பின் வகையான பவர்பிசிக்கு அதிகாரப்பூர்வமாக வந்ததில் டெபியன் லினக்ஸ் 8 தான் கடைசி. பாதுகாப்புத் திருத்தம் இனி வராது, வங்கிக் கணக்குப் பக்கம் போகாதீர்கள். பைத்தானுக்கும் பாட்டுக்கும் தாராளம். டெர்மினல் திரையில் தமிழ் வராது, அதற்கு எக்ஸ் சாளரமும் (வரைகலைத் திரை) லோஹித் எழுத்துருவும் வேண்டும். இன்டர்லேஸில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி இரண்டு ஃபீல்டாக வரும்; ஒரு பிக்சல் கிடைக்கோடு ஒரு ஃபீல்டில் மட்டும் இருப்பதால் துடிக்கும். தடித்த எழுத்துருவே கண்ணுக்கு இதம்.

செந்தாந்த்ரே_கறிவேப்பிலை:
அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 7, 11, 15 மூன்றிலும் முனையே இல்லை, ஓட்டைதான். 16உம் அப்படியே. கேபிள் தேடுகிறேன்.